சஹன் வைக்காத கலியாணம்

எனக்கு வந்தது காசநோய் அல்ல. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று கை அவசரப்பட்டது. அந்த அவசரமும் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. நான் படுத்திருந்த வார்ட்டில் மற்ற எல்லோருக்கும் வந்தது காசநோய்தான். அவர்களில் ஒருவரும் என்னைவிடக் குறைந்தவர் அல்லர்.

நான் இலங்கையின் புத்தளம் களப்போரத்து எத்தாளையில் பிறந்தவன். அந்தப் பக்கத்து உபதபால் கந்தோர் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தேன். எங்கள் ஊரில் யார் எந்த ஆண்டு மவுத்தானார், எந்தப் பள்ளிவாசலுக்கு எப்போது ஓடு போட்டார்கள், எந்த மாரியில் களப்பு ரோட்டுக்கு ஏறியது என்பதெல்லாம் எனக்குப் பாடம். மற்றவர்களின் வாழ்க்கைக்கு ஆண்டும் மாதமும் சொல்லிக் கொடுத்த எனக்கு, என் நோய் எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டபோது சரியான பதில் வரவில்லை. 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதி, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிய நேரம் என்று மட்டும் சொன்னேன். இருமலை நான் நோயாக எண்ணவில்லை. முத்திரை குத்தும் மையைப்போல அதுவும் தொழிலோடு வந்தது என்று இருந்துவிட்டேன். சாரம் இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் பயம் வந்தது.

ஒக்டோபர் மழையில் புத்தளத்து நெஞ்சு கிளினிக்குக்குப் போனேன். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்காமல் வரும் முதல் சளியைச் சின்னப் போத்தலில் எடுத்து வரச் சொன்னார்கள். மறுநாள் அதைக் கடதாசியில் சுற்றி, சோற்றுப் பார்சல் கொண்டு போகும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையாக விட்டார்கள். ஒரு இளம் சிப்பாய் பையைத் திறந்து, கடதாசியைப் பிரித்துப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“மொகத மே?” என்றான். இது என்ன என்று கேட்டான்.

“செம, மஹத்தயா” என்றேன். சளி என்பதை அதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை.

அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டான். இந்த முறை உரத்துச் சொன்னேன். அவன் போத்தலை மண்மூட்டையின்மேல் வைத்துவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். முரட்டுத்தனமாக ஒன்றும் பேசவில்லை. எடுத்துக்கொண்டு போகும்படி தலையை மட்டும் ஆட்டினான். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண், தன் பிள்ளையோடு முன் ஆசனத்துக்குப் போய்விட்டாள்.

பின்னாலிருந்து தெரிந்த குரல் ஒன்று, “போஸ்ட் மாஸ்டர் நானா, என்ன சுகமில்லையா?” என்றது.

அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டவனிடம், “சும்மா தடிமன் தம்பி, மூக்கடைப்பு” என்றேன். முதல் பொய் அதுதான்.

அந்தச் சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சிவப்புச் சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். காசக் கிருமி ஒரு முறை அந்தச் சாயத்தை எடுத்துக்கொண்டால் அமிலம் ஊற்றினாலும் விடாது. அப்படி விடாத சிவப்புக் குச்சிகள் என் சளியில் இருந்தன. ஆகவே காசம் என்று எழுதி மருந்துக் குளிசை தந்தார்கள். ஒரு குளிசையால் சிறுநீரும் வியர்வையும் செம்மஞ்சளாயின. என் வெள்ளைச் சேட்டின் கழுத்துப் பட்டியைக்கூட நான் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் மனைவி ஹாஜராவுக்கும், அவளுடைய தம்பி, என் மச்சான் ரஷீதுக்கும் மட்டுந்தான் தெரியும். ஹாஜரா எனக்கென்று புதுப் பீங்கான் தட்டு ஒன்று வாங்கினாள். நான் மட்டும் தனிப் பீங்கானில் சாப்பிட்டால் மகள் கேட்பாளே என்று, அதே மாதிரி இன்னொன்று தனக்கும் வாங்கினாள். என்னுடையதைப் பின்வளவில் தனியாகக் கொதிதண்ணீரில் போட்டு எடுப்பாள். மகள் நஸ்ரின் இரண்டு பீங்கானையும் பார்த்துவிட்டு, “கலியாணம் எனக்கா, ஒங்க ரெண்டு பேருக்குமா?” என்று பகடி பண்ணினாள். நாங்கள் இருவரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தோம்.

நஸ்ரினுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு தில்லையடி, அகதி முகாம் உள்ள இடம். சொந்த ஊர் மன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, படகுகளில் ஏறி வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் ஒன்று. மாப்பிள்ளையின் வாப்பா காசிம், மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். இப்போது முகாமை ஒட்டிச் சின்னக் கடை வைத்திருந்தார். அவர்கள் வந்த வாரம் எங்கள் ஊர்ப் பெண்கள் சோறு ஆக்கி அனுப்பினார்கள். ஆனால் வருஷம் போகப் போக, கிணற்றடியிலும் கூலிவேலையிலும் “அகதி ஆக்கள்” என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கும் அது கேட்கும்.

அடுத்த ஆண்டு மார்ச் வரை மருந்து குடித்தும் சளியில் சிவப்புக் குச்சிகள் போகவில்லை. மருந்துக்கு அடங்காத காசமாக இருக்கலாம் என்று சொல்லி, கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊருக்குச் சொல்ல ரஷீத் ஒரு கதை கட்டினான்: மச்சானுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஒப்பரேஷன். அதனால் ஊரில் என் கண்களுக்காக துஆ கேட்டார்கள். என் நெஞ்சுக்காக ஒருவரும் கேட்கவில்லை.

வார்ட் நீளமானது. ஜன்னல்கள் எப்போதும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு கட்டிலுக்கும் மூடி போட்ட துப்பல் கோப்பை ஒன்று. பக்கத்துக் கட்டிலில் உடப்பைச் சேர்ந்த செல்வராசா, வலை இழுக்கிறவர். கோப்பை எடுக்கிற ஆள் வரும்போதெல்லாம் அவருக்கு வாய் சும்மா இராது.

“நானாட சாமான பத்திரமாக் கொண்டு போங்க. ரெஜிஸ்டர் தபால்!” என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “நாங்க துப்பினா குப்பைக்குப் போவுது. நீங்க துப்பினா ஆய்வுகூடத்துக்குப் போவுது. படிச்ச ஆள் படிச்ச ஆள்தான்.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. என் சளியை இந்த முறை வளர்த்துப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். கிருமிக்குப் பிடித்த உணவை ஒரு குழாயில் வைத்து, அதன்மேல் சளியைப் பூசி, உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். இந்த வகைக் கிருமிகள் மிக மெதுவாக வளரும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகுதான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். மகளின் கலியாணம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, ஏப்ரல் கடைசியில் நாள் குறித்திருந்தோம். தள்ளிப் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பெண் டொக்டர் இரண்டு நாள் லீவு தந்தார்.

“முற்றத்தில, காத்துப் படுற இடத்தில இருங்கோ. இருமினா துணியால வாயை மூடுங்கோ. பிள்ளையளத் தூக்கவேண்டாம். இது மூச்சுக் காத்தால வாறது. சாப்பாட்டுக் கோப்பையால வாறதில்ல” என்றார்.

இதை நான் முன்கூட்டியே ஹாஜராவுக்கு எழுதி அனுப்பியிருக்கலாம். கலியாணத்தில் யார் எப்படிச் சாப்பிடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது தோன்ற வேண்டிய விஷயமா? எங்கள் பக்கத்தில் கலியாணச் சோறு என்றால் சஹன்தான். பாயின்மேல் வெள்ளைத் துணி விரித்து, பெரிய தாலம் நிறையச் சோறும் இறைச்சியும் வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தாலத்தில் கைவைப்போம். பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் ஒரே சஹனில் இருப்பது வழக்கம். காசுள்ளவன் இல்லாதவன் என்ற கதை அந்தத் தாலத்தில் எடுபடாது.

நான் வந்து இறங்கியபோது ரஷீத் ஒழுங்கை முனையில் காத்திருந்தான். கையில் கறுப்புக் கண்ணாடி. “இதப் போடுங்க மச்சான். ஒப்பரேஷன் செஞ்ச ஆள் வெறுங்கண்ணோட வந்தா என்ன நினைப்பாங்க?” என்றான். போட்டுக்கொண்டேன். முற்றத்துக்குள் நுழைந்தால் பந்தலுக்குக் கீழே மேசையும் கதிரையும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் ஒரு பீங்கான்.

“இது என்ன?” என்றேன்.

“நீங்க சஹன்ல இரிக்க ஏலா. நீங்க இரிக்காட்டி ஏன் எண்டு கேப்பாங்க. எல்லாருக்கும் பீங்கான் எண்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.” அவன் முகத்தில் பெருமை இருந்தது. பீங்கான்களை இரவல் வாங்க அவன் சிலாபம் வரைக்கும் போய் வந்திருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்டிருக்கிறான். கோப்பையால் இது வராது என்று டொக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். “இப்ப சொல்றீங்களே மச்சான்!” என்றான். மாப்பிள்ளை வீட்டு வான்கள் ரோட்டில் வந்து நின்றுவிட்டன.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். காசிமும் அவருடைய ஆட்களும் பந்தல் வாசலில் வந்து நின்றார்கள். பாயையும் தாலத்தையும் தேடும் பார்வை கதிரைகளில் வந்து முட்டியதை நான் கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தேன். அவர்களில் வயதான ஒருவர், “என்ன தம்பிமாரே, கொழும்பு ஹோட்டலா?” என்று ரஷீதிடம் கேட்டார். பின்னால் நின்ற இளைஞன் ஒருவன், “இல்ல பெரியப்பா, கேம்ப் ஆக்களோட ஒரு தாலத்தில கைவைக்க ஏலாதாம்” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

அந்த நொடியில் நான் எழுந்து என் நோயைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் வாயைத் துணியால் மூடி இருமினேன்.

காசிம் உட்கார்ந்தார். பீங்கானில் வைத்த எல்லாவற்றையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு அதை எடுத்துக்கொண்டு எங்கள் கிணற்றடிக்குப் போய், தானே கழுவி, தோள் துண்டால் துடைத்து, கொண்டுவந்து ரஷீதின் கையில் கொடுத்தார்.

“கழுவியாச்சு மகன்” என்றார்.

மகளைத் தில்லையடிக்குக் கூட்டிப் போனார்கள். மருமகனுக்கு வேலை புத்தளத்தில். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மே மாதத்தில் ஒரு நாள் நஸ்ரின் மருமகனோடு பார்க்க வந்தாள். அதற்குள் ஹாஜரா அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தாள். மருமகன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பெட்ஷீட்டின் நூலை இழுத்தபடி கதைத்தாள்.

“மாமி நல்லவங்கதான் வாப்பா. ஏசவும் மாட்டாங்க. ஆனா சாப்பிடக்குள்ள அவங்க எல்லாரும் ஒண்டா இருப்பாங்க. எனக்கு மட்டும் தனிப் பீங்கான்ல போட்டுத் தருவாங்க.”

“நீ ஒண்டும் கேக்கலையா?”

“கேட்டன். ‘ஒங்கட வீட்டு வழக்கம் அதுதானே மகள்’ எண்டு சொன்னாங்க.”

காய்ச்சலிலும் ஊசியிலும் எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. செம்மஞ்சள் கண்ணீர். கைக்குட்டையில் கறை பிடித்தது. நஸ்ரின் அதைப் பார்த்து, “ஐயோ வாப்பா, கண்ணுக்கும் வந்திட்டா?” என்று பயந்தாள். மருந்தின் நிறம் என்று சொன்னதும் இருவருக்கும் சிரிப்பும் வந்தது.

அந்த மாதக் கடைசியில் டொக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு இருத்தினார். வளர்த்துப் பார்த்ததன் முடிவு வந்திருந்தது.

“உங்களுக்குக் காசம் இல்ல. இது அதே குடும்பத்துக் கிருமி, ஆனா வேற ஆள். காசமல்லாத மைக்கோபக்டீரியா எண்டு சொல்லுவம். சாயம் போட்டுப் பார்த்தா ரெண்டும் ஒரே சிவப்புக் குச்சிதான். அதாலதான் இவ்வளவு நாளும் பிடிபடேல்ல.”

“எங்கயிருந்து வந்தது?”

“தண்ணியில இருக்கு, மண்ணில இருக்கு, குழாய்க்குள்ள இருக்கு. நாங்கள் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறம். அநேகம் பேருக்கு ஒண்டும் செய்யாது. சின்ன வயசில உங்களுக்கு நெஞ்சில கடும் வருத்தம் ஏதும் வந்ததோ?”

வந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதில், பிழைக்கமாட்டேன் என்று உம்மா யாசீன் ஓதிய காய்ச்சல். அந்தக் காய்ச்சலில் மூச்சுக் குழாய்கள் சில இடங்களில் விரிந்து தளர்ந்துவிட்டன என்று எக்ஸ்ரே படத்தில் விரல் வைத்துக் காட்டினார். பழைய துணிப்பையின் மடிப்பில் மணல் தங்குவதுபோல அங்கே சளி தங்கும். சளி தங்கும் இடத்தில் இந்தக் கிருமியும் தங்கும்.

“மற்றவைக்குத் தொத்துமா?” என்றேன்.

“ஆளிலயிருந்து ஆளுக்குப் போறதில்ல எண்டுதான் சொல்லலாம்.”

ஹாஜரா கொதிக்கவைத்த தண்ணீர், ரஷீத் இரவல் வாங்கிய பீங்கான்கள், கண் ஒப்பரேஷன், கறுப்புக் கண்ணாடி எல்லாம் அந்த ஒரு வசனத்தில் வீணாகிப் போயின. மூன்று மருந்துகள், சளி சுத்தமான பிறகும் முழுதாக ஒரு வருஷம் குடிக்க வேண்டும் என்றார். ஒரு குளிசை வாயை உலோகம்போலக் கசக்க வைக்கும், இன்னொன்று கண்ணில் நிறத்தை மங்கச் செய்யலாம், சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரிகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விலை கேட்டுப் பயந்தேன். ஹாஜரா தன் காப்பைக் கழற்றியது பிறகுதான் எனக்குத் தெரியும்.

காசக்காரர்களுக்கு நடுவில் இனி நான் இருந்தால் உண்மையான காசம் எனக்குத் தொற்றக்கூடும் என்று, உடனே வேறு வார்ட்டுக்கு மாற்றினார்கள். சாமான் எடுக்கக் கட்டிலுக்குப் போனேன். செல்வராசா செய்தியை ஏற்கெனவே கேட்டிருந்தார்.

“அப்ப நானா எங்கட ஆள் இல்லையா? இவ்வளவு நாளும் ஓசியிலயா படுத்தீங்க?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்தினேன். எப்போது பொத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. “நேத்து வரைக்கும் பொத்தல்லயே நானா” என்று மட்டும் சொன்னார். பிறகு என் பையைத் தூக்கி வார்ட் வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் வேலையாகத் தில்லையடிக்குப் போனேன். ஹாஜரா வேண்டாம் என்றாள். “காசம் இல்லாட்டி விடுங்களேன். இல்லாத நோய ஏன் போய்ச் சொல்றீங்க?” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இல்லாத நோய் என்று சொல்வதற்கு முன்னால், இருந்ததாக நினைத்து ஒளித்ததைச் சொல்ல வேண்டும்.

காசிமின் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் அவர் என்னை உள்ளே இருத்தி நஸ்ரினிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சளிப் போத்தல், கண் கதை, பீங்கான், நான் வாய் திறக்காமல் இருந்தது. முடிந்ததும் காசிம் கேட்டார்:

“நீங்க வருத்தக்காரர் எண்டு சொல்லியிருந்தா நாங்க கோவிச்சிருப்பமா சம்பந்தி?”

“இல்ல.”

“முகாமில ஒரு கூரைக்குக் கீழ எத்தின குடும்பம் இருந்தம். எத்தின பேர் இருமினாங்க. ஆர ஆர் தள்ளி வைக்கிறது?” சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். “நீங்க இத எனக்கு மட்டும், கதவச் சாத்திப்போட்டுச் சொல்றீங்க. பீங்கான் எல்லாருக்கும் முன்னாலதானே வந்தது?”

எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, தில்லையடிப் பள்ளிவாசல் முற்றத்தில் கலியாணத்துக்கு வந்திருந்த ஆட்களைக் காசிம் நிறுத்தி வைத்தார். நான் நின்றுகொண்டு சொன்னேன். காசம் என்ற சொல்லை அதுவரை சத்தமாகச் சொன்னதே இல்லை. அதைச் சொல்லும்போது இருமல் வந்து, அது முடியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிந்தித்தான் அது வேறு கிருமி என்று தெரிந்தது என்றும், காசம் என்றாலும் சஹனால் பரவாது என்றும், உங்களைக் குறைத்து நினைத்து அல்ல, என்னைக் குறைத்து நினைப்பீர்களோ என்ற பயத்தில் நடந்தது என்றும் சொல்லி மாப்புக் கேட்டேன். கொழும்பு ஹோட்டலா என்று கேட்ட பெரியவர், “அதுக்குக் கறுப்புக் கண்ணாடி எதுக்கு?” என்றார். அதையும் சொன்னேன். முதலில் அவர்தான் சிரித்தார். எல்லோரும் சிரிக்கவில்லை. பீங்கானைப் பற்றி அன்று சொன்ன இளைஞன் ஸலாம் சொல்லாமலே போய்விட்டான். அவனிடம் எனக்கு மனக்குறை இல்லை. அந்த வாரமே நஸ்ரினுக்குத் தனிப் பீங்கான் வைப்பது நின்றது.

பஸ் நிற்கும் இடம்வரை ஒருவர் என் பின்னாலேயே வந்தார். கூலிவேலை செய்கிறவர், பெயர் நிஸாம் என்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “அந்தக் கிளினிக் எந்தப் பக்கம் நானா?” என்றார்.

“ஒங்களுக்கா?”

“பெண்சாதிக்கு. நோன்புக்கு முன்னயிருந்து இருமல். இப்ப துப்பினா ரெத்தமும் வருது. அக்கம்பக்கத்துக்குத் தெரியவேணாம் எண்டு…”

காலையின் முதல் சளியைப் போத்தலில் எடுத்து வரச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நான் அவர்களைக் கூட்டிப்போனேன். மனைவி ஸுலைஹா, நஸ்ரினைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முகத்தை முந்தானையால் மூடி, மர வாங்கின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிளினிக்கில் பெயரை வாசலில் நின்று உரத்துக் கூப்பிடுவார்கள். ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும். என் முறை வந்த நாட்களில் நான் ஒரு நாளும் ஓம் என்று சொன்னதில்லை. தலையைக் குனிந்தபடி நழுவி உள்ளே போய்விடுவேன்.

நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து கூப்பிட்டார்: “ஸுலைஹா!”

நிஸாம் நிலத்தைப் பார்த்தார். பழக்கத்தில் நானும் நிலத்தைப் பார்த்தேன்.

“ஸுலைஹா ஆரு?”

“ஓம் மிஸ்ஸி, நான்தான்” என்ற குரல் கேட்டு நிமிர்ந்தேன். அவள் எழுந்துவிட்டிருந்தாள். வாங்கில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட, போத்தலைக் கையில் வெளியே தெரியப் பிடித்தபடி உள்ளே போனாள்.